கிரீன்லாந்துக் கயாக் துடுப்பு: முதல்முறை செதுக்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் செதுக்கத் தொடங்கிய முதல் துடுப்பு பாதியிலேயே முறுக்கிக்கொண்டது. பலகைக்குக் கொடுத்த 30 டாலரும் நான்கு வார இறுதிகளும் அதோடு போயின. இரண்டாவது துடுப்பு நன்றாக வந்தது. இரண்டையும் ஒரே கையும் ஒரே கருவிகளும்தான் செய்தன. முதல்முறை மரத்தைப் பார்க்காமல் வாங்கினேன், யாரோ ஒருவருடைய அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டாம்முறை இந்த இரண்டையும் செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் நேராக இரண்டாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். விலை, மரம், விதிமுறை எல்லாம் இங்குள்ள நிலவரப்படி. இரண்டு பக்கமும் நீண்டு ஒடுங்கிய இலைகளோடு, கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகுக்காக ஒரே மரத்தில் செதுக்கும் கிரீன்லாந்துத் துடுப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கையால் பிடிக்கும் நடுப்பகுதியைத் தண்டு என்றும், தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதியை இலை என்றும் குறிப்பிடுகிறேன்.

1. டேப்பை முதலில் உங்கள் உடம்பில் வையுங்கள்

மரம் வாங்கும் முன் நான்கு அளவுகள் வேண்டும். அவை உங்களுடையதாக இருக்க வேண்டும். என் அளவுகளை உதாரணத்துக்காக மட்டுமே தருகிறேன், தயவுசெய்து நகல் எடுக்காதீர்கள்.

மொத்த நீளம்: இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்துகொள்ளுங்கள். அதோடு ஒரு முழத்தைக் கூட்டுங்கள், அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. எனக்கு 171 செ.மீ. விரிப்பு, 45 செ.மீ. முழம், ஆக 216 செ.மீ. டேப்பே இல்லாமல் முழம் போட்டு அளக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பூக்காரம்மா அளப்பதும் இதே கையால்தானே.

தண்டின் நீளம்: ஒரு துடைப்பக் கட்டையைத் தோள் அகலத்தில், கயாக்கில் உட்கார்ந்து பிடிப்பதுபோல் பிடியுங்கள். இரு ஆள்காட்டி விரல்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் தண்டு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டைச் சுற்றிக்கொள்ள, மற்ற மூன்று விரல்களும் இலையின் அடிமேல் படிந்திருக்கும். எனக்கு 50 செ.மீ. மீதி 166 செ.மீ. இரண்டாகப் பிரிந்து, ஒவ்வோர் இலைக்கும் 83.

இலையின் அகலம்: இலையின் விளிம்பைப் பெருவிரல் கவட்டையில் வைத்தால், மறு விளிம்பை விரல்களின் முதல் மடிப்பு பிடிக்க வேண்டும். இந்தத் துடுப்பைச் சில நேரம் இலையிலேயே பிடித்து நீட்டிச் செலுத்துவார்கள், அதற்காகத்தான் இந்த அளவு. எனக்கு 86 மி.மீ. சரியாக இருந்தது. சிறிய கை உள்ளவர்களுக்கு 80 போதும்.

தண்டின் பருமன்: பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட வேண்டும். நான் வைத்தது 32 மி.மீ. அகலம், 38 மி.மீ. கனம். தண்ணீரைத் தள்ளும்போது மரம் வளையப் பார்ப்பது கனத்தின் திசையில் என்பதால், அந்தப் பக்கம் கூடுதலாக இருப்பது நல்லது. தண்டு முட்டை வடிவில் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. இலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும்.

2. மரம் வாங்குவது: இங்கேதான் பாதி வேலை

தேவையானது வெஸ்டர்ன் ரெட் சீடர். இலேசானது, எளிதில் சீவ வரும், தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகாது. ஸ்ப்ரூஸும் நல்லது, சீடரைவிட உறுதி, கொஞ்சம் கனம். கிரீன்லாந்தில் இதற்கேற்ற மரம் வளராது, அங்குள்ளவர்கள் கடல் கரையொதுக்கிய கட்டைகளில் செதுக்கினார்கள். அதனால் இந்த மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. ஆனால் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம் வேண்டும்.

கடையில் 2×4, 8 அடி என்று கேளுங்கள். பெயர்தான் 2×4. அங்குலக் கணக்கில் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை, அதாவது 38×89 மி.மீ. மட்டுமே இருக்கும். இது தெரியாமல் 95 மி.மீ. இலை வரைந்துவைத்துவிட்டுக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். நீளம் 244 செ.மீ. என்பதால், எனக்கு 28 செ.மீ. மிச்சம் இருந்தது. வெடித்த முனைகளைக் கழித்துவிட அது உதவியது.

பலகையின் முனையைப் பாருங்கள். வளர்ச்சி வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அகலமான முகத்துக்கு அவை செங்குத்தாக நிற்க வேண்டும், சீப்பின் பற்கள்போல. வளைந்த வில்போலக் கிடந்தால் அந்தப் பலகை பின்னால் குழிந்து வளைய வாய்ப்பு அதிகம். பிறகு அகல முகத்தைப் பாருங்கள். ரேகைகள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஓட வேண்டும். நடுவில் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடினால், அந்த இடத்தில் துடுப்பு ஒடியும். கணு கூடாது. குண்டூசித் தலை அளவு கணுகூட, தண்டு வரும் இடத்தில் கூடாது.

அடுத்து, ஒரு முனையில் கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். கடைசியாக இரு முனைகளையும் கட்டைகள்மேல் வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். சீராக வளைந்து திரும்பினால் சரி.

ஈரம் இன்னொரு பொறி. சில பலகைகளில் முத்திரை இருக்கும். கே.டி. என்றால் சூளையில் உலர்த்தியது. எஸ்-ஜிஆர்என் என்றால் பச்சை மரம், எடுக்காதீர்கள். முத்திரை இல்லையென்றால் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள், ரசீதிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். என் முதல் பலகை ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடையில், பனியில் வெளியே கிடந்த அடுக்கிலிருந்து வாங்கியது. கொண்டுவந்த அன்றே ஹீட்டர் ஓடும் அறையில் வைத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தால் மறு முனை ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. வெட்டிய பலகையைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவதை மரம் மட்டுமே விற்கும் டிப்போவில் வாங்கினேன். அடுக்கைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன், விட்டார்கள். பதினேழு பலகை புரட்டி ஒன்றை எடுத்தேன், விலை 78 டாலர். எடுத்ததும் மீதியை முன்பிருந்தபடியே அடுக்கிவைத்துவிட்டு வாருங்கள், அடுத்தமுறையும் விடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பலகையைச் சுவரில் சாய்க்காதீர்கள். மூன்று சிறு கட்டைகள்மேல் படுக்கவைத்து, காற்று சுற்றிவரும்படி மூன்று வாரம் விடுங்கள். அந்த மூன்று வாரம் முடியாமல் கோடு போட வேண்டாம்.

3. இடமும் அனுமதியும்

தனிவீடு, கராஜ் என்றால் கவலை இல்லை. அடுக்குமாடியில் இருந்தால், பால்கனியிலோ கீழ்த்தள அறையிலோ வேலை செய்யலாமா என்று நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. எனக்கு வாய்மொழியாகச் சரி சொன்னவர் அடுத்த மாதம் வேலையில் இல்லை, புதிதாக வந்தவர் எச்சரிக்கைக் கடிதம் ஒட்டிவிட்டார். கைக்கருவி மட்டும், இன்ன நாள், இன்ன நேரம், தூளை நானே கூட்டிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்தபிறகு பிரச்சினை வரவில்லை. பொதுப் பட்டறையில் சேர்வதானால் அடையாள அட்டை, முகவரிச் சான்று, பொறுப்புத்துறப்புப் படிவம் கேட்பார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒரு மாலை போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

4. கருவி, செலவு, நேரம்

ஒரு கையால் பிடிக்கும் சிறிய இழைப்புளி, இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், வளைவுகளைச் சீவும் இரட்டைக் கைப்பிடி ஸ்போக்‌ஷேவ், எஃகுச் சுரண்டுதகடு, இரண்டு கிளாம்ப், மூலைமட்டம், நீண்ட நேர்கோல், பென்சில். இவ்வளவு போதும். மின்கருவி வேண்டாம் என்பது என் கருத்து. ஜிக்சா வேகமானதுதான், ஆனால் கனமான மரத்தில் அதன் அலகு உள்ளுக்குள் சாய்ந்துவிடும். மேலே கோடு சரியாக இருக்கும், கீழே 4 மி.மீ. தின்றுவிட்டிருக்கும்.

என் கணக்கு: மரம் 78, பழைய இழைப்புளி 35, ரம்பம் 42, சுரண்டுதகடு 14, கிளாம்ப் 24, உப்புத்தாள் 12, மரத்தில் பூசும் டங் கொட்டை எண்ணெய் அரை லிட்டர் 32, முகமூடி 30. ஸ்போக்‌ஷேவ் பக்கத்து வீட்டில் இரவல். ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம், அதையும் சேர்த்தால் சுமார் 300 டாலர். இரண்டாவது துடுப்பு செய்தால் மரமும் உப்புத்தாளும்தான் செலவு, சுமார் 100 டாலர்.

நேரம்: கோடு போட 4 மணி, அறுக்க 5, சீவ 9, தண்டுக்கு 4, தேய்க்க 4. ஆக 26 மணி. அதற்குமேல் எண்ணெய் காய இரண்டு மூன்று வாரம். மே மாத நீண்ட வார இறுதிக்குத் துடுப்பு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே மரம் வீட்டில் இருக்க வேண்டும்.

முகமூடியை அலட்சியப்படுத்தாதீர்கள். சீடர் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வாசனை நன்றாக இருக்கிறதே என்று முகர்ந்துகொண்டே வேலை செய்ய வேண்டாம். குறைந்தது என்95 முகமூடி, தேய்க்கும் நாட்களில் கட்டாயம்.

5. கோடு

பென்சிலைக் கூராக்குங்கள். மரத்தைக் கழித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, கோட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம். அதனால் தவறுகள் எல்லாம் இங்கேயே தீரட்டும்.

முதலில் அகல முகத்தில் முனைக்கு முனை நடுக்கோடு. பலகையின் விளிம்பிலிருந்து அளந்து போடாதீர்கள், விளிம்பே நேராக இல்லாமல் இருக்கலாம். இரு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டி, நூலடியில் புள்ளிவைத்துச் சேருங்கள். நீளத்தின் நடுப்புள்ளியில் ஒரு குறுக்குக்கோடு. அங்கிருந்து இருபுறமும் தண்டில் பாதி, என் கணக்கில் 25 செ.மீ., குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 16 மி.மீ. இலை நுனிக்கு 43 மி.மீ. முன்னால், நடுக்கோட்டுக்கு இருபுறமும் 43 மி.மீ. இந்தப் புள்ளிகளை நேர்கோலால் சேர்த்தால் இலை தண்டிலிருந்து மெல்ல விரிந்து வருவது தெரியும். நுனிக்கு 86 மி.மீ. விட்டமுள்ள டப்பா மூடியை வைத்து அரைவட்டம் வரையுங்கள்.

சிலர் தண்டும் இலையும் சேரும் இடத்தில் படிபோலத் தோள் வைப்பார்கள். முதல் துடுப்புக்கு வேண்டாம். தோள் தவறான இடத்தில் அமைந்தால் திருத்த வழியில்லை. தோள் இல்லாவிட்டால் கையை இரண்டு செ.மீ. நகர்த்திக்கொள்ளலாம்.

இப்போது போடக்கூடாத கோடு ஒன்று உண்டு. கனத்துக்கான கோட்டைப் பக்கவாட்டில் இப்போதே வரைந்தால், வெளிவடிவத்தை அறுக்கும்போது அந்தக் கோடு கழிவோடு விழுந்துவிடும். அறுத்தபிறகுதான் அது.

6. அறுப்பதும் சீவுவதும்

வெளிவடிவத்தைக் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுங்கள். 20 செ.மீ.க்கு ஒருமுறை குறுக்கே கோடுவரை வெட்டுப்போட்டுக்கொண்டால், நீளமான அறுப்பு தடம் மாறினாலும் சேதம் அந்தத் துண்டோடு நிற்கும். மீதி 2 மி.மீ. இழைப்புளிக்கு.

எந்தத் திசையில் சீவுவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். மரம் சுருள் சுருளாக வராமல், பிய்ந்து சிராய் சிராயாக எழும்பியது. ஸ்போக்‌ஷேவ் இரவல் தந்த பக்கத்து வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், தகப்பனார் தச்சர். என் கையை எடுத்துப் பலகைமேல் வைத்து இழுத்துக் காட்டினார்.

"தம்பி, பூனையைத் தடவுற மாதிரித்தான். மயிர் படியிற பக்கம் சீவோணும். மற்றப் பக்கம் போனா அது சீறும்."

துடுப்பில் இதன் பொருள், எப்போதும் உயரத்திலிருந்து பள்ளத்துக்கு. இலையின் அகல விளிம்பைச் சீவும்போது அகலமான நுனியிலிருந்து ஒடுங்கிய தண்டை நோக்கி. இலையின் கனத்தைச் சீவும்போது கனமான தண்டுப் பக்கத்திலிருந்து மெல்லிய நுனியை நோக்கி. இரண்டும் எதிரெதிர்த் திசை. இதைப் பலகையிலேயே அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டேன்.

வெளிவடிவம் முடிந்ததும் பக்க விளிம்பு நெடுக நடுக்கோடு போட்டு, இரண்டாவது தொகுதிக் கோடுகளை வரையுங்கள். தண்டு முடியும் இடத்தில் முழுக் கனம் 38 மி.மீ. அங்கிருந்து நுனியில் 12 மி.மீ. வரை இருபுறமும் சமமாகச் சரிய வேண்டும். இந்தச் சரிவைச் சீவி முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. சீவும்போது முகத்தின் நடுக்கோடு அழிந்துபோகும். உடனே மறுபடி போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு விளிம்பைக் கூராக்குவது. பக்க விளிம்பின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. தள்ளிக் கோடு. விளிம்பு 6 மி.மீ. தடிமனில் நிற்க வேண்டும். முகத்தின் நடுக்கோட்டிலிருந்து இந்தக் கோடுவரை நான்கு சரிவுகள் வரும்படி சீவினால், குறுக்குவெட்டு வைரவடிவம் ஆகும். நடுக்கோடு கடைசிவரை பென்சிலோடு இருக்க வேண்டும். அது மறைந்தால் அளவுக்குமேல் எடுத்துவிட்டீர்கள். விளிம்பை 4 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோக ஆசை வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாறையில் ஒரு தட்டு போதும், சில்லு பெயர்ந்துவிடும்.

வைரத்தின் முகட்டை இலையின் நடுவிலிருந்து நுனிவரை மெதுவாக மழுக்குங்கள். தண்டுக்கு அருகில் மட்டும் முகடு கொஞ்சம் நிற்கட்டும், மூன்று விரல்களும் அங்கே படிந்து உட்காரும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைவிடக் கை நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு, இலையை இரு விரலுக்கிடையே பிடித்துத் தண்டிலிருந்து நுனிவரை இழுங்கள். எங்கே மேடு என்பதை விரல் சொல்லிவிடும். பிறகு நடுப்புள்ளியை ஒரு விரல்மேல் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்த இலையில் இன்னும் நாலு சுருள் சீவலாம்.

7. தண்டு

நான்கு மூலைகளிலிருந்தும் 9 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, மூலைகளைச் சீவி எட்டுப்பட்டை ஆக்குங்கள். பிறகு பதினாறு, பிறகு உருட்டு. ஒவ்வொரு பத்து நிமிடமும் நிறுத்திப் பிடித்துப் பாருங்கள். கைக்கு இதமாக வந்த இடத்தில் விட்டுவிடுங்கள், முழு வட்டமாக்க வேண்டாம்.

8. தேய்ப்பும் எண்ணெயும்

சுரண்டுதகட்டை நன்றாகத் தீட்டியிருந்தால் உப்புத்தாள் வேலை குறையும். சொரசொரப்பான 80 எண் தாளில் தொடங்கி 120, 220 என்று போங்கள். 120 முடிந்ததும் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் எழும்பிச் சொரசொரவென்று நிற்கும், அதன்பிறகு 220. இதை இப்போது செய்யாவிட்டால் முதல்நாள் தண்ணீரிலேயே துடுப்பு சொரசொரத்துக் கையைக் காய்க்கவைக்கும்.

வார்னிஷ் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும், அடிபட்ட இடத்தில் உரிந்து தண்ணீரை உள்ளே விடும். சுத்தமான டங் எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய் நல்லது. டங் எண்ணெய் என்று எழுதியிருக்கும் எல்லா டப்பாவும் சுத்த எண்ணெய் இல்லை, பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் டங் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். துணியால் தடவி, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் விட்டு அடுத்த பூச்சு. நான் நான்கு பூச்சுப் பூசினேன். நுனிகளின் குறுக்குவெட்டு அதிகம் குடிக்கும், அங்கே குடிக்கும்வரை கொடுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

9. தண்ணீரில் இறங்குமுன்

மோட்டார் இல்லாத கயாக்குக்கு இங்கே ஓட்டுநர் அட்டை தேவையில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு உயிர்காப்பு மேலாடை, 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் இறைக்கச் சிறு பம்பு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மேலாடையில் கனடிய அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருட்டிய பிறகும் தண்ணீரில் இருப்பதானால் விளக்கும் வேண்டும்.

மே மாதத்தில் வெயில் அடித்தாலும் ஒன்டாரியோ ஏரித் தண்ணீர் உறைய வைக்கும் குளிரில் இருக்கும். முதல் ஓட்டத்தைப் பெரிய ஏரியில் வைக்காமல், பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மேன்ஸ் விரிகுடாபோன்ற ஒதுக்கமான இடத்தில், கரையை ஒட்டி வையுங்கள். கூடவே பழைய துடுப்பு ஒன்று கயாக்கின் மேல்தளத்தில் கட்டியிருக்கட்டும். புதுத் துடுப்பு ஒடியுமா என்பது அன்றுதான் தெரியும்.

முதலில் இலை தண்ணீருக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும். செதுக்கியதில் தவறு என்று பயந்துவிடாதீர்கள், நான் பயந்து திரும்பிவிட்டேன். இலையின் மேல்விளிம்பு கயாக்கின் முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, கை எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்கு நேரே துடுப்பில் பென்சிலால் குறித்து, காய்ந்தபிறகு சுரண்டி, மறுபடி எண்ணெய் தடவுங்கள். நான் இதை மூன்று முறை செய்தேன்.